கடைசிச் சுற்றுகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும்

(மாணவர் சேர்க்கை உதவி மையங்களில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024 ஜூன் 24 அன்று மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் செலுத்தப்பட்டிருந்தால், உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் மாணவர் ஒருவருக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் இடம் உறுதியாகியிருக்கும். தந்தை தினக்கூலித் தொழிலாளி. பணம் திரண்டபோது கடைசி நிமிடங்களே எஞ்சியிருந்தன, இணையதளம் மூடிக்கொண்டது. அவ்வாண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை அந்தக் குடும்பம் அலைந்தது. செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவின்கீழ் இடம் வழங்க ஆணையிட்டது. 2021 நவம்பரில் மும்பை ஐ.ஐ.டி. தொடர்பாகவும், கட்டணம் செலுத்த முடியாது போன தலித் மாணவர் ஒருவருக்கு இத்தகைய ஆணை பிறந்தது. டெல்லி வரை சென்று வழக்காட வழியற்றவர்கள் செய்தியாவதில்லை.

தகுதி இருந்தும் இடம் பறிபோவது தேர்வு அறையில் அன்று. தேர்வுக்குப் பிந்தைய கலந்தாய்வுச் சுற்றுகளில்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை 2015 முதல் 'ஜோசா' எனும் கூட்டு அமைப்பு பல சுற்றுகளாக ஒதுக்குகிறது. ஒரு சுற்றில் இடம் கிடைத்தவர் குறித்த நேரத்திற்குள் ஏற்றுக் கட்டணம் செலுத்தாவிட்டால், அடுத்த சுற்றுகளுக்கும் அவர் இல்லை. 'பிடித்த கல்லூரி பிறகு கிடைக்கும், இப்போது பணம் எதற்கு' என்று காத்திருக்கும் குடும்பம் இழப்பது ஓர் இடத்தை மட்டுமல்ல, வாய்ப்பு முழுவதையுமே.

ஏற்கும்போது மூன்று வழிகள் உண்டு. 'ஃப்ரீஸ்' என்றால் இதுவே போதும் என்று நிறுத்திக்கொள்வது. 'ஸ்லைடு' என்றால் அதே கல்லூரியில் மேலான பாடப்பிரிவுக்குக் காத்திருப்பது. 'ஃப்ளோட்' என்றால் விருப்பப் பட்டியலில் மேலே உள்ள எந்த இடத்திற்கும் காத்திருப்பது. ஃப்ளோட் கொடுத்தால் கையில் உள்ள இடமும் போய்விடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. அது தவறு. மேலான இடம் கிடைத்தால் மட்டுமே பழையது கைவிட்டுப் போகும். கிடைக்காவிட்டால் பழையது அப்படியே நிற்கும். பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்டிய வீடுகளில் இது பாலபாடம். கிராமத்துப் பிள்ளைக்கோ இதைச் சொல்ல ஆளில்லை. பயத்தில் ஃப்ரீஸை அழுத்திவிடுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மேல் இடம் கிடைத்தபின் பழையதற்குத் திரும்ப முடியாது. ஆகவே உண்மையில் விரும்பாத கல்லூரியைப் பெயருக்காகப் பட்டியலின் மேலே வைக்கக் கூடாது. கடந்த ஆண்டின் தரவரிசையைப் பார்த்து, 'இது கிடைக்காது' என்று விரும்பியதை நீக்கவும் வேண்டாம். மேலே எழுதியது கிடைக்காமல் போனாலும் கீழே உள்ள விருப்பங்களின் வாய்ப்பு சிறிதும் குறையாது. எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் எழுதலாம். பூட்டிய பின் மாற்ற இயலாது.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் நடைமுறை வேறு. அதன் இறுதியான 'ஸ்பாட்' சுற்றுகளில் மேம்படுத்திக்கொள்ளும் வாய்ப்பே கிடையாது. ஒதுக்கியதை ஏற்க வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும்.

இடத்தை ஒதுக்கிவிட்டு, சில நாட்களில் பல்லாயிரம் ரூபாய் கொண்டுவா என்று தினக்கூலிக் குடும்பத்திடம் கேட்பது இடஒதுக்கீட்டையே செல்லாக்காசாக்குகிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கட்டணத்தைச் சேர்க்கைக்குப் பின் பெற்றால் எந்த நிறுவனமும் குடிமுழுகிப் போகாது. இந்தக் கோரிக்கையை மாணவர் அமைப்பு மட்டும் எழுப்பினால் போதாது. தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் எழுப்ப வேண்டும்.

அதுவரை கிளைகளுக்கு உடனடி வேலை இருக்கிறது. இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பின் பெற்றதாக இருக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலக நடையை மே மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். ஏற்புக் கட்டணத்தைக் கைமாற்றாகத் தர ஒரு சிறு நிதி வேண்டும். சான்றிதழ் குறித்து இணையத்தில் கேள்வி எழுப்பப்பட்டால் கெடுவுக்குள் பதில் அளிக்காவிட்டாலும் இடம் போகும். எனவே மாணவரின் கணக்கை அன்றாடம் திறந்து பார்க்க ஒரு தோழர் பொறுப்பேற்க வேண்டும். ஜோசா முடிந்ததும் என்.ஐ.டி. முதலானவற்றின் காலியிடங்களுக்குச் சிறப்புச் சுற்றுகள் நடக்கும். ஐ.ஐ.டி. அதில் இல்லை. அதற்குப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். பழைய விருப்பப் பட்டியல் அங்கே செல்லாது.