பெயரைக் காப்போம்

(ஆண்டு விழாவில் மாணவ அங்கத்தவர் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள சீதா எலியவில் சீதையம்மனைத் தரிசிக்காதவர் நம்மில் சிலரே. அங்கு செல்லும்போது இராவணனின் வலிமையை நினைக்கின்றோம். அவன் பூண்ட வேடத்தை மறந்துவிடுகின்றோம். பத்துத் தலையோடு வந்திருந்தால் பிராட்டி வாசலுக்கு வந்திருப்பாளா? மிஷன் பாடசாலையில் நாங்கள் படித்த வேதாகமக் கதையிலும், யாக்கோபு ஆட்டுத்தோலைக் கையிற் சுற்றித் தமையனாக நடித்து, பார்வை மங்கிய தகப்பனிடம் ஆசியைப் பெற்றான். பிறர் பெயரைத் திருடுவது பழைய தொழில். இன்று அதற்கு வேடம் வேண்டியதில்லை. அடையாள அட்டைப் பிரதியொன்றே போதும்.

காகிதத்தின் வலிமையை நம்மைவிட அறிந்தவர் யார்? நம் பாட்டனார் காலத்தில் ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. இன்ன கடனைத் தீர்த்தால் இத்தொழிலாளியை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுப்பார். வேறு தோட்டம் அதைக் கட்டி அவனை எடுத்துக்கொள்ளும். கடனோ அவன் தலையிலேயே நிற்கும். 1921 ஆம் ஆண்டில்தான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. பின்பு 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கிற்று. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரையில் எத்தனை பேர் உரிமைக்காகக் காத்திருந்தனர்! அவ்வாறு பெற்ற அட்டையை நாம் எவ்வளவு எளிதில் கைநீட்டிக் கொடுத்துவிடுகின்றோம்!

பிறரைக் குறைகூறுமுன் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றோம். ஒரு மழைக்காலத்தில் நிவாரணம் பெறுவதற்கென்று லயம் லயமாகச் சென்று அட்டைப் பிரதிகளைச் சேர்த்தவர்கள் நாங்களே. காரியம் முடிந்தபின் அந்தக் கட்டை யாரும் தேடவில்லை. சில வாரங்களின் பின் கடையொன்றில் கச்சான் வாங்கினோம். சுருளைப் பிரித்தால் உள்ளே கொழுந்தெடுக்கும் ஒரு பெரியம்மாவின் முகம் எங்களைப் பார்த்தது! நம்பிக் கொடுத்தவரின் பெயரை நாங்கள் கச்சானுக்கு விற்றதுபோலாயிற்று. அன்று ஏற்பட்ட வெட்கமே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

அந்த இலக்கம் வெறும் இலக்கமன்று. இப்போது வழங்கும் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். ஆகவே அதை அறிந்தவன் நம் பிறந்த நாளையும் அறிந்தவனாவான். பெயரும் விலாசமும் சேர்ந்தால், நம் பெயரில் சிம் அட்டை பெறவும் கடன் கேட்கவும் துணிவான்.

ஆதலால், பிரதி கொடுக்கும்போது இன்னாருக்கு, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று அதன்மேல் குறுக்காக எழுதித் திகதியிடுங்கள். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை வங்கியின் பெயரால் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். உண்மையான வங்கி அதைக் கேட்பதில்லை.

சரி, ஏமாந்து கொடுத்துவிட்டோம். இனி என்ன செய்வது? முதலில் வெட்கத்தை விடவேண்டும். நாம் மௌனமாயிருக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கு இலாபம். உடனே வங்கிக்கு அறிவியுங்கள். அழைத்தவன் தந்த இலக்கத்துக்கு அன்று, வங்கிப் புத்தகத்திலுள்ள இலக்கத்துக்கே அழையுங்கள். கடவுச்சொற்களை மாற்றுங்கள். நம் பெயரில் வேறு சிம் உண்டா என்று தொலைபேசிக் கம்பனியிடம் விசாரியுங்கள். பொலிசில் முறைப்பாடு செய்து பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். பின்னொருநாள் அறியாத கடனுக்கு அழைப்பு வந்தால் அதுவே நம் சாட்சி. நம் பெயரிலுள்ள கடன்களின் அறிக்கையைக் கொடுகடன் தகவல் பணியகத்தில் நாமே பெறலாம். இணைய மோசடியாயின் கணினி அவசர தயார்நிலைக் குழுவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அட்டையே தொலைந்தால், பொலிஸ் முறைப்பாட்டோடு கிராம உத்தியோகத்தரிடமோ தோட்டத்துரையிடமோ உறுதிப்படுத்திப் புதியதற்கு விண்ணப்பிக்கலாம். அட்டை புதிதாகும், பிறந்த நாளோ புதிதாகாது. ஆகவே விழிப்பு ஒருநாளோடு முடிவதன்று.

வாலிப நண்பர்களே! நம் தாய்மாரிற் பலர் படிவங்களை நம்மிடமே தந்து, “நீ பார்த்து எழுது தம்பி” என்கின்றனர். அந்த நம்பிக்கையே நம் பட்டத்தினும் பெரிது. ஆகையால் ஒரு வேண்டுகோள்: சங்க அலுமாரியிற் கிடக்கும் பழைய பிரதிகளை உரியவரிடம் கொடுப்போம், உரியவரைக் காணாவிடின் தீயிலிடுவோம். இனிச் சேர்ப்பவற்றைக் காரியம் முடிந்த அன்றே திருப்பிக் கொடுப்போம்.

துண்டுக்குக் கட்டுண்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்னொரு துண்டு நம் கையாலேயே எழுதப்படாதிருப்பதாக!