காயமுற்ற நாயும் காணாத உடையவரும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் நாயைப் பற்றி என்ன பேச்சு என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது என் செவியில் விழுகின்றது. நம் முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். நட்பை ஆராயப் புகுந்த நாலடியார் யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்தி, நாயின் பக்கமே தீர்ப்பளித்தது. எறிந்த வேல் உடம்பில் தைத்து நிற்கும்போதும் நாய் வாலைக் குழைக்குமாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை. அப்புலவர் கண்டது தன் தலைவனை அறிந்த நாய். வண்டி மோதிச் சாலையில் கிடக்கும் நாய்க்கோ நாம் அயலார். வலி மிகுந்தால் அது வளர்த்தவர் கையையும் கடிக்கக்கூடும். ஆகவே எதிரே விரைந்து சென்று தலையைத் தடவலாகாது. பக்கவாட்டில் மெல்ல அணுகி, கண்ணோடு கண் நோக்காது, சற்றுத் தொலைவில் குந்தி அமர்ந்து, தாழ்ந்த குரலில் பேசுக. குருதி பெருகினால் தூய துணியால் அழுத்திப் பிடித்தல் வேண்டும். நம் வீடுகளில் காயத்தின்மேல் காப்பித்தூளை அப்பும் பழக்கம் உண்டு. காப்பித்தூள் பில்டருக்கே இருக்கட்டும். நமக்குக் கொடுக்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது நஞ்சூட்டுவதற்கு ஒப்பாகும். தூக்குங்கால் பலகையிலோ கெட்டியான போர்வையிலோ கிடத்தித் தூக்குக. பல் பட்டுவிட்டால் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளல் வேண்டும். இதில் நாளைக்குப் பார்ப்போம் என்பதே கூடாது.

சென்ற மார்கழியில் நம் காலனி வாயிலில் பின்கால் முறிந்து கிடந்த நாயை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். நம் இளைஞர் நால்வர் அதனைப் பலகையில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுசென்றனர். கழுத்தில் பட்டை இல்லை. ஆனால் பட்டை கிடந்த இடத்தில் மயிர் தேய்ந்திருந்தது. கருத்தடை செய்த தெருநாய்க்கு அடையாளமாகக் காதில் இடும் வெட்டும் இல்லை. எனவே இது வீட்டு நாய் என்று கொண்டு, உடையவரைத் தேடத் தொடங்கினோம்.

குழந்தைகள் மும்மொழியில் விளம்பரம் எழுதி ஒட்டினர். வாட்ஸ்அப்பில் படமும் போயிற்று. இரண்டாலும் பயனில்லை. ‘ஆவோ, ஆவோ’ என்று காவற்காரர் அழைத்தபோது அசையாது கிடந்த அந்நாய், நம் மாமி ஒருவர் பால்சோற்றுடன் வந்து ‘வாடா கண்ணா’ என்றதும் செவியை நிமிர்த்தி, வாலால் தரையைத் தட்டிற்று. அப்பொழுதே எனக்குச் சற்றுத் துணுக்கென்றது. மறுநாள் பால்காரர் வந்து அடையாளம் சொன்னார். இரண்டு மாதங்களுக்கு முன் வேற்றூருக்கு மாற்றலாகிச் சென்ற, நம்மவர் வீட்டு நாயே அது.

தொலைபேசியில் கேட்டோம். புதிய வீட்டில் இடமில்லை. காலனியில் யாரேனும் சோறு போடுவார்கள் என்று எண்ணினோம் என்றனர். பெயர் இங்கு வேண்டா. மாற்றல் உத்தரவு வந்தால் பத்து நாளில் பாத்திரம் பண்டம் கட்டவேண்டிய வாழ்வு நம்முடையது. அதனை நான் அறியாதவனல்லன். ஆயினும் பீரோவுக்கும் கிரைண்டருக்கும் லாரியில் இடம் இருந்தது. தக்க காரணமின்றி, பசியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டத்திற்கு வித்திட்டவர் மதுரையிற் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்கள் அவையில் அவர் கொணர்ந்த தனிநபர் மசோதாவின் பயனாகவே அரசு தானே அதனை இயற்ற முன்வந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கும் அவரே முதல் தலைவர்.

இரயிலிலும் நாயைக் கொண்டுசெல்ல விதி உண்டு. முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதும் நம் பெயரில் இருப்பின் உடன் வைத்துக்கொள்ளலாம். இன்றேல் கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் ஏற்றலாம். அதுவும் இயலாதவர்கள் புறப்படுவதற்கு ஒரு திங்கள் முன்னரே சங்கத்திற்குத் தெரிவியுங்கள். வேறு வீடு பார்த்துத் தருவது எங்கள் பொறுப்பு. செயலாளரிடம் கலந்துகொண்டே இதனைக் கூறுகின்றேன்.

அந்நாய் இப்பொழுது வாயிலருகே இஸ்திரி போடும் உத்தரப் பிரதேசத்துப் பெரியவரிடம் இருக்கின்றது. கால் சற்றே நொண்டுகின்றது. மருந்துச் செலவைச் சங்கம் ஏற்றுள்ளது. ஞாயிறுதோறும் மருத்துவரிடம் அழைத்துச்செல்லத்தான் ஆள் வேண்டும். அதனோடு பேசுவதற்காக அப்பெரியவர் மூன்று தமிழ்ச் சொற்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்: வா, உட்கார், சாப்பிடு.