நகருக்கும் ஒரு காடு வேண்டும்



மரம் நடும் விழாக்களுக்கு இந்நகரில் குறைவில்லை. கார்த்திகை பிறந்தால் குழி வெட்டப்படுகிறது, கன்று வைக்கப்படுகிறது, படமும் பிடிக்கப்படுகிறது. பங்குனி வெயிலில் அக்கன்றை ஏறெடுத்துப் பார்ப்பார் இல்லை. ஆடு தின்றது போக எஞ்சியது காய்ந்துவிடுகிறது. இன்னொரு விழாவைக் கேட்க நாம் இங்கு கூடவில்லை. யாழ்ப்பாண நகருக்குள், மாநகர சபையின் பொறுப்பில், சட்டத்தின் காவலோடு ஒரு காடு வேண்டும் என்று கேட்கிறோம்.

நகருக்குக் காடு எதற்கு என வினவுவோர் உளர். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கினால்தான் கிணற்றில் நீர். சீமெந்து பூசிய முற்றத்தில் விழும் மழை வாய்க்கால் வழியே கடலைச் சேர்கிறது. சருகு மூடிய மண்ணோ அதைப் பருகிக்கொள்கிறது. இது நகரத்தார் கவலை என்று தோட்டக்காரர் ஒதுங்கிவிட முடியாது. நகரக் கிணறுகள் உவராகிவிட்டால் நகரின் தாகம் தோட்டக் கிணறுகளைத் தேடித்தான் வரும்.

மனிதர் கையால் நகர நடுவே காடு எழுமா? எழுந்திருக்கிறது. தோக்கியோ நகரில், மேஜிப் பேரரசரின் நினைவாக 1920ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஆலயத்தைச் சூழ ஏறக்குறைய 70 ஹெக்டேயர் காடு நிற்கிறது. அது நட்டு வளர்த்த காடு. நாடெங்கணும் இருந்து மக்கள் அனுப்பிய கன்றுகள் ஏறத்தாழ ஒரு இலட்சம். அன்றைய பிரதமர் ஒக்குமா ஷிகெனொபு, பெருமைமிக்க பழைய ஆலயங்களில் உள்ளதுபோல் தேவதாரு இனமே வேண்டும் என்றார். வனவியலறிஞர் ஹொண்டா செய்ரோக்குவும் அவர் குழுவினரும் இணங்கவில்லை. அம்மண்ணிலும் நகரப் புகையிலும் அம்மரம் செழிக்காது என்று சான்று காட்டி வாதாடி வென்றனர். பிரதமருக்கு மறுப்புச் சொல்லும் அதிகாரிகளை நாம் இந்நாட்டில் அடிக்கடி காண்பதில்லை!

அவர்கள் பைன் முதலிய மரங்கள் முதலில் நிழல் தர, அதனடியில் என்றும் பசுமை மாறாத அகலிலை மரங்கள் மெல்ல எழுந்து இடத்தைக் கைக்கொள்ளுமாறு திட்டமிட்டனர். நூறாண்டுக்குப் பிந்திய நிலையையும் வரைந்து வைத்தனர். பாதையில் உதிரும் சருகைக் கூட்டி மீண்டும் காட்டுக்குள்ளேயே இடுகின்றனர். 1945இல் குண்டுவீச்சில் ஆலயத்தின் முதன்மைக் கட்டடங்கள் எரிந்தன. காட்டின் பெரும்பகுதி நின்றது.

எமக்கு வேண்டுவது எழுபது ஹெக்டேயரன்று. பத்துப் பரப்பு போதும். வேம்பும் பூவரசும் விரைந்து நிழல் தரட்டும். அந்நிழலில் பாலை, வீரை, இலுப்பை, நாவல் எழட்டும். இவை இவ்வுலர் நிலத்துக்குரியவை. அழகுக்கென வெளிநாட்டுப் பூமரம் கேட்பவர்க்குப் பூங்கா உண்டு, காடு வேறு. இரண்டு கோடைக்கு நீரும், ஆடுமாடு புகாத வேலியும் கட்டாயம். சருகைக் கூட்டி எரித்தல் ஆகாது. குழை தாழ்த்தித் தோட்டம் செய்த மக்களுக்கு அதன் காரணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

இனிச் சட்டம். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. நல்ல சட்டமே. ஆயினும் அது தனிமரத்தைக் காக்குமேயன்றி, நாளை காடாகவிருக்கும் கன்றுகளைக் காவாது. சபையின் தீர்மானம் மட்டும் போதுமா? ஒரு சபை எடுத்த தீர்மானத்தை அடுத்த சபை ஒரே மாலையில் மாற்றிவிடலாம். வாகனத் தரிப்பிடம் வேண்டும், கடைத்தொகுதி வேண்டும் என்று எவரேனும் கேட்கும் நாள் வரத்தான் செய்யும். ஆகவே காணியை அளந்து, எல்லை குறித்து, அதன் பயனை உபவிதியால் வரையறுத்து, வர்த்தமானியில் வெளியிடச் செய்தல் வேண்டும். பராமரிப்புச் செலவும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாக இடம்பெறல் வேண்டும்.

உபவிதியின் வரைவை இங்குள்ள சட்டத்தரணிகள் ஊதியமின்றி எழுதித் தருவோம். நில அளவையாளர் இருவரேனும் இச்சபையில் இருக்கிறீர்கள். எல்லைப் படம் உங்கள் பொறுப்பு. தோட்டக்காரரிடம் நாம் வேண்டுவது தை முதல் ஆவணி வரை வாரம் இருமுறை நீர் இறைப்பதற்கு முறைவைத்து வரும் ஆட்களே. பெயர் தருவோர் வாயிலில் உள்ள கொப்பியில் எழுதிச் செல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வேலி போட்டாக வேண்டும்.