கலப்பிசையும் நாலு பேர் காதும்



நல்ல இசைத்தொகுப்பு ஒன்றைக் கேட்டு முடித்ததும், அதைப் பற்றி இன்னொருவரிடம் பேசாமல் நம்மால் இருக்க முடிவதில்லை. அந்தப் பேச்சுக்கும் ஒரு தரம் உண்டு. பல மரபுகள் கலந்த இசையைக் கேட்டவர்கள் கூடிப் பேசும் பழக்கத்தைத்தான் இன்று எடைபோட்டுப் பார்க்கப் போகிறேன்.

கர்நாடகக் கச்சேரி என்றால் பேச நமக்கு அளவுகோல் இருக்கிறது. ராகம் துலங்கியதா, சுருதி சேர்ந்ததா, தனி ஆவர்த்தனத்தில் கணக்கு சரியாக வந்து விழுந்ததா என்று கேட்போம். திரைப்பாட்டுக்கும் நமக்கென்று சில கேள்விகள் உண்டு. கலப்பிசைக்கு அப்படி எதுவும் கைவசம் இல்லை. அதனால் பேச்சு 'பிரமாதம்' என்றோ 'கலப்படம்' என்றோ ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. இரண்டுமே கேட்பவருக்கு ஒன்றும் தருவதில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1986இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்ட தொகுப்பு இது. வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். இதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஓர் உருப்படி வருகிறது. தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் கோத்த இசைப் படைப்பு) முதல் பகுதி அதில் ஓடுகிறது. 1720ஆம் ஆண்டுத் தேதியிட்ட கையெழுத்துப் பிரதியில் உள்ள இசை. பக்கவாத்தியம் கிடையாது, சுரங்கள் மூச்சுவிட இடமில்லாமல் ஒரே வேகத்தில் பாய்ந்து போகும். அந்த ஓட்டத்தின் மேல் நம்மூர் பாணி வயலின் குழைந்துகொண்டு வந்து சேர்கிறது.

இதை மூன்று பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சபாக் கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு, பாக்கின் இசை நடக்கும் மேற்கத்திய மேஜர் ஸ்கேலின் சுரங்கள் சங்கராபரணமாகவே படும். ஆனால் பாக்கின் சுரங்களில் கமகம் இல்லை; ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அவர் காதுக்கு அது மொட்டையாக ஒலிக்கும். தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவருக்கோ, இரண்டு மெட்டுகள் ஒன்றையொன்று பின்தொடராமல் தனித்தனியே நடந்து, அங்கங்கே சந்தித்துக்கொள்வது இயல்பான விஷயம். நம்மூர் வயலின் எங்கே பாக்கோடு ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று அவர் சொல்லிவிடுவார். மூன்றாமவர் திரைப்பாட்டின் இடையிசையிலேயே வளர்ந்தவர். வயலின்கள் அணிவகுத்து எழும் விதத்தை வைத்தே அவர் இசையமைப்பாளரை அடையாளம் காண்பார்.

மூவரும் பிழையாகக் கேட்கவில்லை. முழுசாகவும் கேட்கவில்லை. இந்த மாதிரி இசைக்கு முழுக் காது தனியொருவரிடம் இருப்பது அபூர்வம். ஆகவே கலப்பிசையைப் பொறுத்தவரை, கேட்டதைப் பகிர்ந்துகொள்வதும் கேட்பதன் ஒரு பகுதிதான். சபா ரசிகர் பேசி முடித்த பிறகு, பாடகர் குழுக்காரர் அதே உருப்படியை மறுபடி போட்டால் கமகத்தைத் தேடிக் கேட்பார். முதல் தடவை அவர் காதில் விழாத ஒன்று இப்போது விழும்.

'பாக்கைத் தொடலாமா?' என்று ஒரு கேள்வி இங்கே கட்டாயம் எழும். விஷயம் தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால், பாக்கே அதைத் தொட்டிருக்கிறாரே என்பார். இதே வயலின் இசையை 1731இல் ஒரு கன்டாட்டாவின் (குரலும் வாத்தியமும் சேர்ந்த படைப்பு) தொடக்கமாக ஆர்கனுக்கு மாற்றி, டிரம்பெட்டும் முரசும் சேர்த்து அவரே வேறொன்றாக்கினார். நம் பக்கத்திலும் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். வயலினே வெளியூரிலிருந்து வந்த வாத்தியம்தான். இப்படி ஒரு தகவல் வந்து விழுந்தால், தூய்மை பற்றிய வாய்ச்சண்டை அடங்கி, கலந்தது எப்படி இருக்கிறது என்ற நல்ல கேள்விக்குப் பேச்சு நகரும்.

இன்னொரு தொகுப்பு, ஷக்தி என்ற கலப்பிசைக் குழுவின் முதல் இசைத்தட்டு. 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவானது. ஜான் மெக்லாக்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, டி.எச். விநாயக்ராம் கடம், ஆர். ராகவன் மிருதங்கம். தட்டின் ஒரு பக்கத்தில் ஓர் உருப்படியே அரை மணி நேரத்தை ஒட்டி ஓடுகிறது. மெக்லாக்லினின் முந்தைய குழுவான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் அவருடைய மின்கிட்டார் முழக்கத்தைக் கேட்டுப் பழகிய மேலைநாட்டு ரசிகருக்கு இங்கே முதலில் உறைப்பது, இல்லாமல்போன டிரம்ஸ். நமக்கோ கடத்தின் மேல் விரல் ஓடுவது முதலிலேயே கேட்டுவிடும். கிட்டாரை யார் கவனிப்பது? வீணை தெரிந்த ஒருவர். மெக்லாக்லின் வீணை பயின்றவர். அவருக்கென்று செய்த கிட்டாரில் வழக்கமான ஆறு தந்திகளுக்குக் குறுக்கே சுருதிக்காக ஏழு தந்திகள் சாய்வாகப் போகும். பிற்பாடு கிட்டாரின் கழுத்தில் விரல் பதிக்கும் மெட்டுக்கட்டைகளுக்கு இடையே மரத்தைக் குடைந்தும் வைத்துக்கொண்டார். தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க அது தோதாக இருந்தது. இதை ஒருவர் எடுத்துச் சொன்னால், ஷக்தியின் இசையில் கிட்டார் ஏன் அங்கங்கே வீணைபோல் வளைகிறது என்பது மற்றவர்களுக்கும் பிடிபடும்.

சரி, நல்ல அபிப்பிராயம் எது? என் கணக்கில் அது இடம் காட்ட வேண்டும். 'இரண்டாவது உருப்படியில் வயலின் நுழைகிற இடம் எனக்கு ஒட்டவில்லை' என்றால், மற்றவர் அந்த இடத்துக்குப் போய்ச் சோதித்துப் பார்க்கலாம். 'ஆத்மா இல்லை' என்றால் யாரும் எதையும் சோதிக்க முடியாது. அடுத்து, சொல்பவர் தன் காது எங்கே பழகியது என்பதையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. அப்போது கேட்பவர் அந்தக் கருத்தை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று தானே தீர்மானித்துக்கொள்வார்.

இந்தப் பழக்கத்தில் குறையும் இல்லாமல் இல்லை. ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவது பேச்சைத் தொடங்கும் முன்பே முடித்துவைக்கிறது. நட்சத்திர ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டால் இசை வெறும் சாக்காகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும் என்று நினைப்பது. பாக்கும் நம்மூர் வயலினும் ஒரே உருப்படிக்குள் அவரவர் வழியில் போகிறார்கள். அதைக் கேட்கிறவர்கள் மட்டும் ஒரே குரலில் பேச வேண்டிய கட்டாயம் என்ன?

எனவே நேயர்களே, பழக்கமில்லாத ஒரு தொகுப்பை அடுத்த முறை கேட்டால், உங்களைப்போலவே கேட்கிறவரிடம் பேசுவதோடு நிறுத்திவிடாதீர்கள். வேறு இசையில் வளர்ந்த ஒருவரிடம் உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தைக் காட்டுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கினாலும் பரவாயில்லை, அவருக்குப் பிடித்த இடம் எது என்று கேளுங்கள். அது உங்கள் காதைத் தாண்டிப்போன இடமாக இருக்க வாய்ப்பு அதிகம்.