அரசியல் சாசன நீதியும் ஐரோப்பிய நீதிமன்றங்களும்

(சட்டம் பயிலும் மாணவ மாணவியருக்கான பயிலரங்கில் ஆற்றிய உரை)





ஒரு வாதத்தை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். முக்காடு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், "மனித உரிமைக்குப் பேர் போன ஐரோப்பிய நீதிமன்றமே முக்காட்டைத் தடை செய்துவிட்டது, நீங்கள் என்ன புதிதாக உரிமை கேட்கிறீர்கள்?" என்பார்கள். இதைக் கேட்டதும் நம்மவர்களில் சிலர் வாயடைத்துப் போகிறார்கள். வேறு சிலர் ஐரோப்பாவைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டும் பதிலாகாது. அந்த நீதிமன்றம் எது, அதன் முன் வைக்கப்பட்ட கேள்வி என்ன, அது சொன்னது என்ன என்பதைப் படித்தவர்தாம் பதில் சொல்ல முடியும்.

முதலில், "ஐரோப்பிய நீதிமன்றம்" என்று ஒன்று இல்லை; இரண்டு இருக்கின்றன. ஒன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள மனித உரிமை நீதிமன்றம். 1950ஆம் ஆண்டின் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் கீழ் 1959இல் அமைக்கப்பட்டது. துருக்கி உட்பட 46 நாடுகள் இதற்குக் கட்டுப்பட்டவை. ரஷ்யா 2022இல் ஐரோப்பியக் கவுன்சிலிலிருந்து வெளியேற்றப்பட்டது. மற்றொன்று லக்சம்பர்க்கில் உள்ளது. 27 நாடுகள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம். பத்திரிகைகள் இவ்விரண்டையும் அடிக்கடி குழப்பிவிடுகின்றன. இவை தவிர, பல நாடுகளில் அந்நாட்டு அரசியல் சாசனத்தைக் காப்பதற்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. ஹான்ஸ் கெல்சன் என்ற சட்ட அறிஞரின் சிந்தனையில் உருவாகி 1920இல் ஆஸ்திரியாவில் சாசனத்திலேயே இடம்பெற்ற ஏற்பாடு இது. ஆக, உரிமை பறிக்கப்பட்ட ஒருவர் மூன்று வாசல்களைப் பார்க்கிறார். எந்த வாசலில் எதைக் கேட்பது என்பதுதான் இன்றைய நம் பாடம்.

துருக்கியை எடுத்துக்கொள்வோம். 1989இல் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம், பல்கலைக்கழகங்களில் முக்காட்டை அனுமதித்த சட்டத்தை மதச்சார்பின்மைக்கு முரணானது என்று ரத்து செய்தது. 1998இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகம், முக்காடு அணிந்த மாணவிகளை வகுப்பிலும் தேர்விலும் அனுமதிக்கக் கூடாதென்று சுற்றறிக்கை விட்டது. பாதிக்கப்பட்ட மருத்துவ மாணவி ஒருவர் ஸ்ட்ராஸ்பர்க் சென்றார். 2005 நவம்பர் 10 அன்று 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 16 பேர் ஒரு பக்கம். பெல்ஜியத்தைச் சேர்ந்த நீதிபதி பிரான்சுவாஸ் துல்கென்ஸ் மட்டும் மறுபக்கம்.

இந்தத் தீர்ப்பைத்தான் நம் முகத்தில் எடுத்து வீசுகிறார்கள். ஆனால் அந்த நீதிமன்றம் "முக்காடு அணியக் கூடாது" என்று உத்தரவிட்டதா? இல்லை. "மதத்திற்கும் அரசுக்குமான உறவை ஐரோப்பிய நாடுகள் பலவிதமாக அமைத்துள்ளன; இதில் நாடுகளுக்கு முடிவெடுக்கும் உரிமை ஓரளவு உண்டு; துருக்கி அந்த எல்லையைத் தாண்டவில்லை" என்பதே தீர்ப்பின் சாரம். அனுமதி வேறு, ஆணை வேறு. ஒரு நாடு தடை போட்டால் உடன்படிக்கை மீறப்படவில்லை என்கிறது நீதிமன்றம். தடையை நீக்கினாலும் உடன்படிக்கை மீறப்படாது.

இது என் வியாக்கியானம் அன்று. துருக்கியிலேயே நடந்த விஷயம். 2008இல் பாராளுமன்றம் முக்காட்டை அனுமதிக்கச் சாசனத்தைத் திருத்தியபோது அதைத் தடுத்தது யார்? ஸ்ட்ராஸ்பர்க் அல்ல, துருக்கியின் சொந்த அரசியல் சாசன நீதிமன்றம். பின்னர் 2010க்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் தடை நடைமுறையில் தளர்ந்தது. 2013இல் பெரும்பாலான அரசு ஊழியர்களுக்கும் நீங்கியது. ஸ்ட்ராஸ்பர்க் குறுக்கே நிற்கவில்லை.

இதில் இன்னொரு திருப்பம் உண்டு. ஸ்ட்ராஸ்பர்க்கில் துருக்கி மீதான வழக்குகள் குவிந்துகொண்டே போயின. அவற்றை உள்நாட்டிலேயே தீர்க்கும் நோக்கத்தோடு, தனிமனிதர் நேரடியாக அரசியல் சாசன நீதிமன்றத்தில் முறையிடும் வழி 2010 பொதுவாக்கெடுப்பின் மூலம் ஏற்பட்டு, 2012 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அந்த வழியாக வந்தார் ஒரு பெண் வழக்கறிஞர். முக்காடு அணிந்ததால் தம்மை விசாரணையில் வாதாட விடவில்லை என்பது அவர் முறையீடு. 2014 ஜூன் 25 அன்று, அவருடைய மதச் சுதந்திரம் மீறப்பட்டது, பாரபட்சமும் காட்டப்பட்டது என்று தீர்ப்பாயிற்று. 1989இல் ரத்து செய்த அதே நீதிமன்றம்! இடையில் நீதிபதிகளும் மாறினர், அரசியல் காற்றும் மாறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முறையிட ஒரு வாசல் இல்லாதிருந்தால், மாறிய காற்றால் அந்தச் சகோதரிக்கு என்ன பயன்?

இனி ஜெர்மனி. கார்ல்ஸ்ரூ நகரில் 1951 முதல் இயங்கிவரும் அரசியல் சாசன நீதிமன்றத்தில் 16 நீதிபதிகள் உள்ளனர். சாதாரணக் குடிமகனும் முறையீடு அனுப்பலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பதும் இல்லை. வருவதில் நூற்றுக்கு இரண்டு மூன்று ஜெயித்தாலே அதிகம். ஆனால் ஜெயித்தவை நாட்டையே மாற்றியிருக்கின்றன.

ஆப்கானிஸ்தானில் பிறந்த ஓர் ஆசிரியைக்கு முக்காட்டின் காரணமாக ஒரு மாநிலம் வேலை மறுத்தது. 2003 செப்டம்பர் 24 அன்று நீதிமன்றம், சட்டம் எதுவும் இல்லாமல் இப்படி மறுக்க முடியாது என்றது. ஆனால் மாநிலங்கள் சட்டம் இயற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டது. உடனே எட்டு மாநிலங்கள் சட்டம் கொண்டுவந்தன. கதவைத் திறந்து ஜன்னலை மூடிய கதை!

நம் மக்களாக இருந்தால் இத்துடன் விட்டிருப்போம். அவர்கள் விடவில்லை. நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் பள்ளியில் பணியாற்றிய இரு பெண்கள் மீண்டும் கார்ல்ஸ்ரூ சென்றனர். அவர்களில் ஒருவர் முக்காட்டைக் கழற்றிவிட்டு, கடையில் யாரும் வாங்கக்கூடிய இளஞ்சிவப்புத் தொப்பியொன்றைக் காதுவரை இழுத்து அணிந்து வந்தார். அதுவும் மத அடையாளமே என்று கண்டித்தது நிர்வாகம்! 2015 ஜனவரி 27 அன்று ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. "குழப்பம் வரலாம்" என்ற பொத்தாம்பொதுவான அச்சம் போதாது. பள்ளி அமைதிக்குக் கண்கூடான ஆபத்து இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். கிறிஸ்தவ, மேற்கத்திய மரபுகளுக்கு மட்டும் அச்சட்டம் தந்திருந்த சலுகையையும் செல்லாதென்றது.

இதைக் கவனியுங்கள். ஜெனீவாவில் ஓர் ஆசிரியையின் முக்காட்டுக்கு விதித்த தடையை 2001இலேயே ஸ்ட்ராஸ்பர்க் ஏற்றுக்கொண்டிருந்தது. கார்ல்ஸ்ரூவுக்கு அது தெரியாததல்ல. ஆயினும் தன் நாட்டுச் சாசனம் அதைவிடக் கூடுதலாகத் தருகிறது என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய உடன்படிக்கையின் 53ஆம் பிரிவே இதற்கு இடம் தருகிறது: உடன்படிக்கை வீட்டின் தரை, அதற்குக் கீழே போகக் கூடாது, மேலே எவ்வளவும் கட்டலாம். லக்சம்பர்க்கும் இதே வழிக்கு வந்தது. தனியார் நிறுவனங்கள் "நடுநிலை" என்ற பெயரில் முக்காட்டைத் தடுக்கலாம் என்று 2017இல் சொன்ன அந்நீதிமன்றம், 2021 ஜூலை 15 அன்று ஜெர்மன் வழக்குகளில், நிறுவனத்துக்கு உண்மையான தேவை இருக்க வேண்டும் என்றது. மதச் சுதந்திரத்துக்கு உள்நாட்டுச் சாசனம் கூடுதல் பாதுகாப்புத் தந்தால் அதையும் கணக்கில் எடுக்கலாம் என்றது.

கடைசி வார்த்தை யாருக்கு என்ற போட்டி இந்த நீதிமன்றங்களுக்கிடையே பழையது. மிலான் நகரத்து வழக்கறிஞர் ஒருவர், மின்சாரம் தேசியமயமானதை எதிர்த்துச் சொற்பத் தொகை மின்கட்டணத்தைக் கட்ட மறுத்தார். அந்தச் சின்ன பில்லிலிருந்துதான், ஒன்றியச் சட்டமே உள்நாட்டுச் சட்டத்துக்கு மேலானது என்ற 1964ஆம் ஆண்டு லக்சம்பர்க் தீர்ப்பு பிறந்தது. 1974இல் கார்ல்ஸ்ரூ பதில் சொன்னது: அடிப்படை உரிமைகளுக்கு நீங்கள் உத்தரவாதம் தராத வரையில் நாங்கள் பரிசோதிப்போம். 1986இல் அதையே திருப்பிச் சொன்னது: நீங்கள் பாதுகாக்கும் வரையில் நாங்கள் தலையிட மாட்டோம். குடிமகனின் உரிமைக்காக நடந்த போட்டி இது.

ஆனால் இதே வாதத்தைப் போலந்தில் எதற்குப் பயன்படுத்தினார்கள்? நீதித்துறையை ஆளுங்கட்சி வளைத்தபோது லக்சம்பர்க் தடுத்தது. 2021 அக்டோபர் 7 அன்று போலந்தின் அரசியல் சாசனத் தீர்ப்பாயம், எங்கள் சாசனமே மேலானது என்று கூறி ஒன்றிய ஒப்பந்தத்தின் சில விதிகளை நிராகரித்தது. முறைகேடாக நியமிக்கப்பட்டவர் அதில் அமர்ந்திருந்ததால், அது சட்டப்படி அமைந்த நீதிமன்றமே ஆகாது என்று அதே ஆண்டு மே மாதம் ஒரு வழக்கில் ஸ்ட்ராஸ்பர்க் சொல்லியிருந்தது. எனவே "சாசனம்" என்று சொல்பவர் யார், எவர் நியமித்தவர் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜெர்மன் சாசனம் நமக்கு அந்நியமன்று. அதில் மாற்றவே முடியாத பிரிவுகள் உண்டு. அந்தக் கருத்தை 1965இல் வாரணாசிக்கு வந்து உரையாற்றிய பேராசிரியர் டீட்ரிச் கொன்ராட் விளக்கினார், வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் அதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பின் "அடிப்படைக் கட்டமைப்பு" கோட்பாட்டின் பின்னணியில் இந்தக் கதையும் இருக்கிறது.

கார்ல்ஸ்ரூ எப்போதும் நம் பக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். சட்டப் பயிற்சி பெறும் பெண் நீதிமன்ற அறையில் முக்காட்டுடன் பணி செய்யக் கூடாதென்ற தடையை 2020 ஜனவரி 14 அன்று அது ஏற்றுக்கொண்டது. உங்களைப் போன்ற ஒரு மாணவியின் வழக்கு! ஏழு நீதிபதிகள் தடைக்கு ஆதரவு, ஒருவர் மாறுபட்டார். அவருடைய மாறுபட்ட தீர்ப்பையும், 2005இல் துல்கென்ஸ் அம்மையார் எழுதியதையும் முதலில் படியுங்கள். அதன் பிறகு பெரும்பான்மைத் தீர்ப்புகளைப் படியுங்கள். அடுத்த அமர்வில் ஒவ்வொருவரும் எழுந்து, பெரும்பான்மை எந்த இடத்தில் அந்த ஒருவருக்குப் பதில் சொல்லாமல் விட்டது என்று காட்ட வேண்டும். அங்கிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.