விழா நாளும் நோன்பு நாளும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா நாள்களையும் நோன்பு நாள்களையும் பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பணித்தற்குக் காரணமும் உண்டு. நம்மவருள் ஒருசாரார் வாக்கியப் பஞ்சாங்கத்தையும், மற்றொரு சாரார் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் கைக்கொண்டு வருகின்றனர். சிற்சில ஆண்டுகளில் இவ்விரண்டும் ஒரே நோன்பிற்கு வெவ்வேறு நாள் குறிக்கின்றன. அப்பொழுது ஒரே தெருவில் ஒரு வீட்டார் உபவாசம் இருக்க, அடுத்த வீட்டார் பாரணை செய்கின்றனர். அவ்வளவில் நின்றால் தீங்கில்லை. 'உங்கள் நாள் பிழை. உங்கள் நோன்பு வீண்' என்னும் சொல் எழுந்து, சம்பந்தி வீட்டார் ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாத நிலையும் உண்டாகின்றது. சங்கத்தின் பொதுப் பூசையும் இரண்டாகப் பிரிந்துவிடுமோ என்று பெரியோர் அஞ்சுகின்றனர். ஆதலின், நாள் குறிக்கும் முறை யாது, வேறுபாடு எங்ஙனம் தோன்றுகின்றது, நாம் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றனையும் இன்று ஆராய்வோம்.

நம் விழாக்களும் நோன்புகளும் நான்கு அளவைகளால் குறிக்கப்படுகின்றன. முதலாவது ஞாயிற்றின் இயக்கம். தைத் திங்கள் முதல் நாட் பொங்கலும், சித்திரை முதல் நாளும், ஆடிப் பதினெட்டாம் பெருக்கும் இவ்வகையின. ஞாயிறு ஓர் இராசியிற் புகும் நேரமே சங்கிராந்தி எனப்படும். அது மறைவதற்கு முன் சங்கிராந்தி நிகழின் அன்றே மாதப் பிறப்பு. பின் நிகழின் மறுநாள். இது தமிழ்நாட்டு வழக்கு. ஞாயிறு மிதுனத்திற் கழிக்குங் காலம் 31½ நாளுக்குச் சற்று மிகுதி. தனுசிற் கழிக்குங் காலம் 29⅓ நாள் அளவினது. ஆனி மாதம் சில ஆண்டுகளில் 32 நாளாக நீள்வதும், மார்கழி குறுகுவதும் இதனாலேயாம்.

இரண்டாவது நட்சத்திரம். வைகாசி விசாகம், ஆடிக் கிருத்திகை, திருக்கார்த்திகை, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் என்பன நட்சத்திரத்தாற் பெயர் பெற்றன. இவற்றுட் பல அம்மாதத்துப் பௌர்ணமியை ஒட்டியே வருவதைக் காண்க. தையில் ஞாயிறு மகரத்தில் நிற்கும். நிறைமதி அதற்கு நேர் எதிரே கடகத்தில் நிற்கும். பூசம் கடகத்தில் உள்ளது. பங்குனியில் ஞாயிறு மீனத்தில் நிற்க, நிறைமதி கன்னியில் உத்திரத்தை அணுகும். வானத்தை அண்ணாந்து நோக்கிய நம் முன்னோர் அம்முழுநிலவொளியிலேயே விழாக் கொண்டாடினர். ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் மயிலாப்பூரிற் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் முதலிய விழாக்கள் நிரலே குறிக்கப்பட்டுள்ளன. இவ்வழக்கின் தொன்மைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது திதி. ஞாயிற்றைவிட்டுத் திங்கள் 12 பாகை விலகுங் காலம் ஒரு திதியாம். விநாயக சதுர்த்தி, கந்த சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம், சிவராத்திரி, நவராத்திரி ஆகியன இதனைச் சார்ந்தவை. நான்காவது கிழமை. ஆடி வெள்ளி, புரட்டாசிச் சனி, கார்த்திகைச் சோமவாரம் என்பன எல்லாரும் அறிந்தவை. முருகப் பெருமானுக்குரியவாகக் கந்தபுராணங் கூறும் மூன்று விரதங்களுள் வெள்ளி கிழமையாலும், கார்த்திகை நட்சத்திரத்தாலும், சஷ்டி திதியாலும் அமைந்தமை நோக்கத்தக்கது.

இனி, வேறுபாடு தோன்றும் இடத்தைக் காண்போம். திதி விடியலில் தொடங்கி விடியலில் முடிவதன்று. பகலிலோ இரவிலோ எந்நேரத்தும் தொடங்கும். ஆதலின் ஒவ்வொரு நோன்பிற்கும் இன்ன வேளையில் அத்திதி இருத்தல் வேண்டும் என்று நூலோர் வரையறுத்தனர். சிவராத்திரிக்கு நள்ளிரவிற் சதுர்த்தசி வேண்டும். பிரதோஷத்திற்கு அந்திப் பொழுதில் திரயோதசி வேண்டும். விநாயகர் பூசைக்கு நண்பகலிற் சதுர்த்தி வேண்டும். ஏகாதசிக்கோ வைணவர் பின்னும் நுணுகி, ஞாயிறு எழுதற்கு நான்கு நாழிகை முன்னர்த் தசமி கலந்திருப்பினும் அந்நாளை விலக்கி மறுநாளைக் கொள்வர். திதியின் எல்லை குறித்த வேளைக்கு அண்மையில் வருமாயின், கணக்கிற் சில நாழிகை வேறுபட்டாலும் நோன்பு ஒரு நாள் முன்னோ பின்னோ சென்றுவிடும்.

அச்சில நாழிகை வேறுபாடு எங்கிருந்து வந்தது? வாக்கியப் பஞ்சாங்கம் ஆண்டிற்கு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை என்று கொள்கின்றது. கி. பி. 499இல் விளங்கிய ஆரியபடர் கொண்ட அளவும் இதுவே. திங்களின் நிலையை 248 வாக்கியங்களால் அறிவர். அவற்றை வரருசி இயற்றினார் என்பது வழிவழி வந்த கூற்று. ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துக்களும் எண்களைக் குறிக்கும். கருவியோ ஏடோ இன்றி, மனப்பாடஞ் செய்த வாக்கியங்களைக் கொண்டே கணிதர் நிலவின் இடத்தைச் சொல்லிவிடுவர். அந்நுண்ணறிவை எண்ணுந்தோறும் வியப்புண்டாகின்றது.

ஆயினும், திங்களின் நடையில் அவ்வாக்கியங்களில் அடங்காத சில ஏற்றத்தாழ்வுகள் உள. அமாவாசை, பௌர்ணமிகளில் அவற்றாலாகும் வேறுபாடு சிறிது. அட்டமியை அணுகுந்தோறும் அது மிகும். சஷ்டி, அட்டமி, ஏகாதசி ஆகிய நாள்களில் வழக்கு மிகுதியாக எழுவதற்குக் காரணம் இதுவே. ஒரு திதி 54 நாழிகைக்குக் குறையாது, 65 நாழிகைக்கு மிகாது என்பது பழைய கணக்கு. உற்றுநோக்கிக் கண்ட அளவோ ஏறக்குறைய 50 முதல் 67 நாழிகை வரை செல்கின்றது. இவ்வாறு கண்ணாற் கண்ட நிலைக்கு ஏற்பத் திருத்திய கணக்கே திருக்கணிதம். இதனை மேலைநாட்டார் புகுத்தியது எனச் சிலர் கருதுகின்றனர். அது பொருந்தாது. சென்னை வானாய்வுக் கூடத்திற் பணியாற்றி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார் இத்தகைய பஞ்சாங்கத்தை வெளியிட்ட நம் நாட்டவர். எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை அவர்கள் 1922இல் பெருந்தொகுதிகளாக வெளியிட்ட இந்திய நாட்கணிதம் கல்வெட்டாராய்ச்சியாளர்க்கு இன்றும் துணைபுரிகின்றது. மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைந்த குழுவும் திருக்கணித முறையையே மேற்கொண்டது.

அங்ஙனமாயின் வாக்கியத்தைக் கைவிடல் வேண்டுமோ எனின், யாம் அவ்வாறு கூறோம். வானத்தில் உள்ள நிலை யாது என்னும் வினாவிற்குத் திருக்கணிதமே நெருங்கிய விடை தரும், இதில் ஐயமில்லை. ஆனால் வழிபாடு என்பது பலர் ஒருங்கு கூடிச் செய்வது. அதற்கு ஆலய மரபும் குல மரபும் அளவையாகும். தமிழ்நாட்டு ஆலயங்கள் பலவற்றில் இன்றும் வாக்கியமே வழங்குகின்றது. சனி மகரத்தினின்று கும்பத்திற் புகுந்த நாள் திருக்கணிதப்படி 2023 சனவரி 17. வாக்கியப்படி 2023 திசம்பர் 20. பதினொரு திங்கள் வேறுபாடு இருந்தும், திருநள்ளாற்றில் வாக்கியப்படியே பெருவிழா நடந்தது, அடியவரும் திரண்டனர்.

ஒரே முறையைக் கொள்ளும் ஆலயங்களுக்குள்ளும் நாள் வேறுபடுதல் உண்டு. திருவண்ணாமலைத் தீபத்திற்குக் கிருத்திகை நட்சத்திரமும், பிற சிவாலயங்களிற் பௌர்ணமியும், வைணவ ஆலயங்களில் அவர்தம் ஆகம விதியும் நாளை வரையறுக்கின்றன. கண்ணன் பிறந்த நாளை ஒருசாரார் அட்டமியாலும், மற்றொரு சாரார் உரோகிணியாலும் கொள்வர். வைகுண்ட ஏகாதசி திருவரங்கத்தில் 2021 திசம்பர் 14ஆம் நாளும், பிற ஆலயங்கள் பலவற்றில் 2022 சனவரி 13ஆம் நாளும் நிகழ்ந்தது. இதுபற்றி எவரும் எவர்தம் வழிபாட்டையும் பழித்திலர். ஆலயங்கள் பொறுத்துக்கொண்ட வேறுபாட்டை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ளாமை நமக்கு அழகாகுமோ?

ஆதலின் சங்கத்தார் ஆராய்தற்பொருட்டுச் சில கருத்துக்களை முன்வைக்கின்றோம். ஒன்று: இல்லத்து நோன்பிற்கு அவ்வவ் இல்லத்தார் வழிவழிக் கொண்ட பஞ்சாங்கமே அமைக. புகுந்த வீட்டு வழக்கை மருமகள் ஏற்றல் முறையே. ஆயினும் தாய்வீட்டு நாளில் அவள் தனியே நோன்பிருக்க விழையின் மாமியார் மறுத்தல் ஆகாது. இரண்டு: சங்கத்தின் பொதுப் பூசைக்கு, இவ்வூர் ஆலயத்தில் குறிக்கப்படும் நாளே நாளாகுக. பஞ்சாங்கம் எதுவாயினும் ஆலய மணி ஒலிக்கும் நாளில் நாம் யாவரும் ஒருங்கிருத்தல் எளிது.

மூன்று: நம் மக்கள் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். ஊரிலிருந்து பெற்றோர் தொலைபேசியில் நாள் சொல்லி அனுப்புகின்றனர். திதி தொடங்கும் கணம் உலகெங்கும் ஒன்றே. ஆனால் அக்கணத்தில் ஓரிடத்திற் பகலும் மற்றோரிடத்தில் இரவும் நிலவும். செவ்வாய் காலை 8 மணிக்கு இங்குச் சதுர்த்தசி தொடங்கி மறுநாட் காலை முடியின், நமக்குச் செவ்வாய் இரவே சிவராத்திரி. அதே கணம் நியூயார்க்கில் திங்கள் இரவு 9½ மணியாதலின், அங்குள்ளார்க்குத் திங்கள் இரவே சிவராத்திரியாகும். ஆகவே அவரவர் வாழும் ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுமாறு பிள்ளைகளுக்குச் சொல்லுக.

நான்கு: உடல்நிலை அறிந்து நோன்பிருத்தல் வேண்டும். முதியோர், நோயாளர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், சிறுவர் ஆகியோர்க்குப் பாலும் பழமும் உண்ண இடங்கொடுத்த மரபு நம்முடையது. நீரிழிவு நோய்க்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேளாது பட்டினி கிடத்தல் ஆகாது. மருமகள் மயங்கி விழுமளவும் நோன்பை வற்புறுத்துதல் பத்தியாகாது.

ஐந்து: ஆசிரியத் தொழிலினேம் ஆதலின் இதனையும் கூறுகின்றோம். மாணவருட் பலர் வளர்பிறை எது, தேய்பிறை எது என்று வானத்தைப் பார்த்துச் சொல்ல அறியார். மாலையிற் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் சென்று, பிறை மேற்கே தோன்றி நாள்தோறும் கிழக்கு நோக்கி விலகி வளர்வதைக் காட்டுங்கள். கார்த்திகை மீன்கூட்டத்தை அடையாளஞ் சொல்லுங்கள். பஞ்சாங்கம் எதனை அளக்கின்றது என்று கண்டறிந்த பிள்ளை, இரண்டு பஞ்சாங்கங்களை முன்னிட்டுச் சண்டையிடான்.

செயற்குழுவினர் இக்கருத்துக்களை ஆய்ந்து, வரும் கந்த சஷ்டிக்கு முன்னரே பொதுப் பூசையின் நாளை அறிவிப்பார்களாயின், இவ்வாண்டு நாம் யாவரும் ஒரே பந்தியில் அமர்ந்து பாரணை செய்யலாம். அதற்குப் பெரியோர் அருள்புரிக.