பதிவு மட்டும் போதாது, வாக்குப்பெட்டி வேண்டும்!

(வாயிற்கூட்ட உரையின் ஒரு பகுதி)

தோழர்களே!

சங்கம் வைப்பது முதலாளி போடுற பிச்சை இல்லை. அரசியல் சாசனம் 19(1)(சி) பிரிவில் தந்த உரிமை. 1918லேயே பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சங்கம் கண்ட ஊர் சென்னை.

ஆனா ஸ்ரீபெரும்புதூர் சாம்சங்ல என்ன நடந்துச்சு? 2024ல் 37 நாள் வேலைநிறுத்தம். அப்புறம் உயர்நீதிமன்றப் படி ஏறி, 2025 ஜனவரி 27ல்தான் சங்கம் பதிவாச்சு.

பதிவு வேற, அங்கீகாரம் வேற தோழர்களே. பதிவு பண்ணினா சங்கம் இருக்குன்னு அர்த்தம். அங்கீகாரம் இருந்தாத்தான் நிர்வாகம் எதிர்ல உட்கார்ந்து பேசும்.

51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு இருந்தா அதுவே பேச்சுவார்த்தைச் சங்கம்னு புதிய தொழிலுறவுத் தொகுப்பு சொல்லுது. சரி, அந்த 51ஐ எப்படி எண்ணுவது? மேனேஜர் பார்த்துக்கிட்டு இருக்கும்போது கை தூக்கச் சொன்னா, நாளைக்கு வேலை இருக்குமான்னு பயப்படுறவன் தூக்குவானா? பட்டியல்லயே பேர் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி எந்தக் கணக்கில் வருவான்?

ரயில்வேயில் 2024 டிசம்பர்ல ரகசிய வாக்கெடுப்பு நடத்தித்தான் சங்கங்களுக்கு அங்கீகாரம் கொடுத்தாங்க. அங்கே முடியுது, இங்கே ஏன் முடியாது?

நாம கேட்பது மூணு:

✊ ரகசிய வாக்கெடுப்பு, அதை நடத்த தொழிலாளர் துறை.
✊ வாக்காளர் பட்டியல் முன்கூட்டியே ஆலை வாசல்ல.
✊ வாக்கெடுப்பு முடியும்வரை இடமாற்றமோ சஸ்பெண்டோ கூடாது.

எம்எல்ஏவை ரகசியமா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற தொழிலாளி, தன் சங்கத்தையும் அப்படியே தேர்ந்தெடுக்கட்டும்!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!